ஒரு நூல் மறைநூலாக எடுத்துக்கொண்ட காலம்: யோவானின் திருவெளிப்பாடு பற்றிய நிகழ்வு ஆய்வு

புதிய ஏற்பாட்டில் உள்ள 27 நூல்களும் ஒரு சங்கத்தில் கூடிய ஆயர்களால் ஒரே அமர்வில் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்ற எண்ணம் படித்தவர்களிடையேயும் பரவலாக இருக்கிறது. கி.பி. 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கமே அதைச் செய்தது என்பார்கள். அந்தச் சங்கம் இயற்றிய 20 ஒழுங்கு விதிகள் இன்றும் கிடைக்கின்றன; எந்த நூலை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது பற்றி அவற்றில் ஒரு சொல்லும் கிடையாது. உண்மையில் ஒவ்வொரு நூலும் தனக்கென ஒரு வழியில், தனக்கென ஒரு வேகத்தில் மதிப்புப் பெற்றது. நான்கு நற்செய்திகளும் பவுலின் திருமுகங்களில் பெரும்பாலானவையும் 2-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பான்மைச் சபைகளில் ஐயமின்றி வாசிக்கப்பட்டுவிட்டன. ஏற்பு எப்படி நிகழ்ந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு, இப்படி எளிதாக ஏற்கப்பட்ட நூல்கள் அதிகம் உதவுவதில்லை. தகராறுக்கு உள்ளான நூல்களே அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

அவற்றுள் மிக நீண்ட தகராறு புதிய ஏற்பாட்டின் கடைசி நூலுக்கே வாய்த்தது. கத்தோலிக்கத் தமிழ் மொழிபெயர்ப்பில் ‘திருவெளிப்பாடு’ என்றும், சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்றும் வழங்கும் அந்த நூல் முதலில் விரைவாக ஏற்கப்பட்டது, பிறகு ஐயத்துக்கு உள்ளானது, பிறகு மேற்கில் உறுதியாகவும் கிழக்கில் அரைமனதோடும் மீண்டும் ஏற்கப்பட்டது. எழுதியவர் யார், எழுதியதை எப்படிப் பொருள்கொள்வது, வழிபாட்டில் அதை வாசிக்கலாமா என்ற மூன்று கேள்விகளும் ஒன்றுதான் என்று நாம் பொதுவாக நினைத்துவிடுகிறோம். இந்த நூலின் வரலாற்றில் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சென்றதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அதனாலேயே இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பத்மு தீவிலிருந்து ஏழு சபைகளுக்கு

நூலின் ஆசிரியர் தம்மை யோவான் என்று பெயர் சொல்லியே அறிமுகப்படுத்துகிறார். கடவுளின் வாக்கை முன்னிட்டு ஏஜியன் கடலில் உள்ள பத்மு தீவில் இருந்ததாகவும், அங்கே கண்ட காட்சிகளை எபேசு, சிமிர்னா, பெர்காம், தியத்திரா, சர்தை, பிலதெல்பியா, இலவோதிக்கேயா ஆகிய ஏழு சபைகளுக்கு எழுதி அனுப்பும்படி கட்டளை பெற்றதாகவும் கூறுகிறார். இந்த ஊர்கள் அனைத்தும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்தவை. தொமித்தியான் பேரரசனின் ஆட்சி முடியும் தறுவாயில், அதாவது 95-ஐ ஒட்டி, இந்தக் காட்சிகள் காணப்பட்டன என்று 2-ஆம் நூற்றாண்டின் ஆயர் இரேனேயுஸ் எழுதியிருக்கிறார். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் ஏறத்தாழ அந்தக் காலத்தையே கொள்கிறார்கள், சிலர் 60-களின் இறுதிக்குக் கொண்டுசெல்கிறார்கள்.

இந்த நூலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பவுல் கொரிந்து நகரத்தாருக்குத் திருமுகம் எழுதியபோது, தாம் மறைநூல் எழுதுவதாக எங்கும் சொல்லவில்லை. அவர் ஒரு சபையின் சண்டைகளுக்கும் கேள்விகளுக்கும் பதில் எழுதினார். திருவெளிப்பாடோ தன் அதிகாரத்தைத் தானே அறிவித்துக்கொண்டு பிறக்கிறது. இதைச் சபையில் வாசிப்பவரும் கேட்பவர்களும் பேறுபெற்றோர் என்று தொடங்குகிறது. இதோடு எதையும் கூட்டுபவர்மீது இதில் எழுதப்பட்ட வாதைகள் வரும், எதையும் நீக்குபவரின் பங்கு வாழ்வின் மரத்திலிருந்து நீக்கப்படும் என்று முடிகிறது. ஆசிரியர் தம்மை இறைவாக்கினராக நிறுத்துகிறார். ஆனால் இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளவே இல்லை. பின்னால் வந்த தகராறுகளில் பாதி இந்த ஒரு மௌனத்திலிருந்து கிளைத்தது.

விரைவான ஏற்பு

எழுதப்பட்டு இரண்டு தலைமுறைக்குள் நூல் கடல் கடந்துவிட்டது. 160-ஐ ஒட்டி உரோமையில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன், யூதர் ஒருவரோடு நடத்திய உரையாடலாக அமைத்த நூலில், “நம்மிடையே யோவான் என்னும் பெயருடைய ஒருவர் இருந்தார், அவர் கிறிஸ்துவின் திருத்தூதர்களுள் ஒருவர்” என்ற கருத்தில் பேசி, அவர் பெற்ற வெளிப்பாட்டை, கிறிஸ்து மண்ணில் ஆயிரம் ஆண்டுகள் ஆள்வார் என்ற ஆயிரமாண்டு ஆட்சிக்குச் சான்றாகக் காட்டுகிறார். ஏழு சபைகளில் ஒன்றான சர்தையின் ஆயர் மெலித்தோ இந்த நூலைப் பற்றித் தனி நூலே எழுதினார். அது நமக்குக் கிடைக்கவில்லை. 177-இல் கால் நாட்டின் (Gaul, இன்றைய பிரான்சு) லியோன், வியன்னே நகரங்களில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, எஞ்சியவர்கள் சிற்றாசியாவில் இருந்த சபைகளுக்கு எழுதிய மடலில் திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்து வரி ஒன்று ‘மறைநூல் நிறைவேறும்படி’ என்ற முன்மொழிவோடு வருகிறது. பட்டியல் எதுவும் எழுதப்படாத காலத்தில், துன்பத்தின் நடுவே எழுதப்பட்ட ஒரு மடல் அந்த நூலை மறைநூல் என்று இயல்பாகக் குறிப்பிடுகிறது. எந்தச் சங்கத் தீர்மானத்தைவிடவும் இது வலிமையான சான்று என்று நான் கருதுகிறேன்.

அதே லியோனில் ஆயராக இருந்த இரேனேயுஸ் சிமிர்னாவில் வளர்ந்தவர். இளமையில் அவ்வூர் ஆயர் பொலிகார்ப்பின் போதனையைக் கேட்டவர். நூலின் நாடும் அவருடைய நாடும் ஒன்றே. 180-ஐ ஒட்டி எழுதியபோது, நூலில் வரும் கொடிய விலங்கைக் குறிக்கும் எண் சில படிகளில் 616 என இருப்பதை அவர் கண்டிக்கிறார். நல்லவையும் பழையவையுமான படிகள் அனைத்திலும் 666 என்றே இருக்கிறது என்று வாதிடுகிறார். எகிப்தின் ஒக்சிரிங்கசில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு பாப்பிரஸ் துண்டில் அந்த 616 உண்மையாகவே இருக்கிறது. நூல் தோன்றி 100 ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், பல படிகள் புழக்கத்தில் இருந்தன, அவற்றை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அளவுக்கு அதன் எழுத்து முக்கியமாகக் கருதப்பட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது.

மிலான் நகரத்து நூலகச் சுவடி ஒன்றிலிருந்து முரத்தோரி 1740-இல் வெளியிட்ட இலத்தீன் பட்டியலையும் இங்கே சேர்க்க வேண்டும். அதன் மூலம் 2-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததா, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததா என்பதில் ஆய்வாளர்களிடம் ஒற்றுமை இல்லை. அந்தப் பட்டியல் யோவானின் வெளிப்பாட்டோடு பேதுருவின் வெளிப்பாடு என்ற மற்றொரு நூலையும் ஏற்கிறது. ஆனால் பின்னதைச் சபையில் வாசிப்பதை எங்களுள் சிலர் விரும்பவில்லை என்று சேர்த்துச் சொல்கிறது. எர்மாசின் ‘மேய்ப்பர்’ நூலைத் தனியே படிக்கலாம், சபையில் வாசிக்கக்கூடாது என்கிறது. ஆகவே அன்றைய கேள்வி, நூல் உண்மையா பொய்யா என்பதோடு நிற்கவில்லை. சபை கூடியிருக்கும்போது யாருடைய குரல் ஒலிக்கலாம் என்பதே அதன் கூர்முனை.

மொந்தானியரும் காயுவும்

ஏற்பு இவ்வளவு விரைவாக நிகழ்ந்திருந்தும் நூல் ஏன் பிறகு தடுமாறியது? நூலின் எழுத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதைக் கையில் எடுத்தவர்கள் மாறினார்கள். 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிற்றாசியாவின் பிரீகியாவில் மொந்தானுஸ் என்பவரும், பிரிஸ்கா, மக்சிமில்லா என்ற இரு பெண்களும் தூய ஆவி தங்கள் வழியாகப் பேசுவதாக அறிவித்தார்கள். புதிய எருசலேம் இறங்கவிருக்கும் இடம் என்று பெப்பூசா என்ற சிற்றூரை அவர்கள் சுட்டினார்கள். புதிய எருசலேம் விண்ணிலிருந்து இறங்குவதைப் பாடும் நூல் திருவெளிப்பாடு. இறைவாக்கு இன்னும் தொடர்கிறது என்பாருக்கு அதைப்போல உதவும் நூல் வேறில்லை.

உரோமையில் செபிரீனுஸ் ஆயராக இருந்த காலத்தில், அதாவது 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காயு என்ற அறிஞர் மொந்தானியத் தலைவர் ஒருவரை எதிர்த்து எழுதினார். எதிராளியின் கையிலிருந்த படைக்கலத்தையே உடைத்துவிட நினைத்தவர்போல, ஆயிரமாண்டு இன்ப ஆட்சியைப் பற்றிய வெளிப்பாடுகளைத் திருத்தூதரின் பெயரில் எழுதியவர் கெரிந்து என்ற தவறான போதகரே என்றார். வேறு சிலர், ஏழு தூதர்களையும் ஏழு எக்காளங்களையும் பற்றிய கதையால் எனக்கு என்ன பயன் என்று கேட்டதாகவும், தியத்திராவில் சபையே இல்லையே என்று எதிர்த்ததாகவும் பிற்காலத்தில் எபிபானியுஸ் பதிவு செய்திருக்கிறார். இந்த எதிர்ப்புகளில் ஆய்வு குறைவு, அச்சம் அதிகம். ஆனால் ஒரு விதை விழுந்துவிட்டது: ‘இதைத் திருத்தூதர் யோவான்தான் எழுதினாரா?’

அர்சினோயே நகரில் மூன்று நாட்கள்

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலைத் தேடியவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியுஸ். இறையியல் அறிஞர் ஒரிஜனின் மாணவர், 247 முதல் 264 வரை ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆயராக இருந்தவர். அவர் எழுதிய நூலின் பகுதிகள் யூசேபியசின் திருச்சபை வரலாற்றில் மேற்கோளாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. இந்த ஆய்வின் நடுப்பகுதி அதுவே. சற்று விரிவாகச் சொல்லத் தகுந்ததும் அதுவே.

எகிப்தின் அர்சினோயே மாவட்டத்தில், இன்றைய பையூம் பகுதியில், நேப்போஸ் என்ற ஆயர் இருந்தார். மறைநூலின் வாக்குறுதிகளை உருவகமாகக் கொள்ளக்கூடாது, கிறிஸ்து இந்த மண்ணிலேயே ஆயிரம் ஆண்டுகள் ஆட்சி செய்வார் என்று நேரடியாகவே கொள்ள வேண்டும் என அவர் ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பிறகும் அந்த நூல் கிராமங்களில் பரவி, சபைகள் பிளவுபட்டன. தியோனிசியுஸ் தலைநகரில் இருந்துகொண்டு ஆணை அனுப்பியிருக்கலாம். அவர் நேரில் சென்றார். கிராமங்களின் மூப்பர்களையும் போதகர்களையும் அழைத்தார், விரும்பிய மக்களும் கேட்கட்டும் என்றார், மூன்று நாட்கள் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து நேப்போசின் நூலை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். அங்கே கூடியவர்கள் உண்மையை விரும்பியதையும், முறையாகக் கேள்வி கேட்டதையும், தாங்கள் முன்பு சொன்னதையே பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளாததையும் அவர் நெஞ்சாரப் பாராட்டி எழுதுகிறார். மறைந்த நேப்போசைப் பற்றியும் அன்போடுதான் பேசுகிறார். அவருடைய நம்பிக்கையையும் உழைப்பையும், அவர் இயற்றிய திருப்பாடல்களையும் மதிப்பதாகச் சொல்கிறார். முடிவில் எதிர்த்தரப்பின் தலைவரான கொராக்கியோன் எல்லார் முன்னிலையிலும் இனி அந்தக் கொள்கையைப் போதிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். பழங்காலத் திருச்சபையின் சண்டைகளில் இப்படி முடிந்தவை மிகச் சில. அதனால் இந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது.

நேப்போசுக்குப் பதில் எழுதும் முயற்சியில்தான் தியோனிசியுஸ் திருவெளிப்பாட்டை ஆராய்ந்தார். தமக்கு முன் சிலர் அதிகாரம் அதிகாரமாகச் சென்று அந்த நூலை முற்றிலும் தள்ளிவிட்டதை அவர் அறிவார். அவர்களோடு அவர் சேரவில்லை. சகோதரர் பலர் போற்றும் நூலைத் தள்ள எனக்குத் துணிவில்லை, அதன் பொருள் என் அறிவுக்கு மேற்பட்டது என்று கொள்கிறேன் என்கிறார். பிறகு எழுத்தை எழுத்தோடு ஒப்பிடத் தொடங்குகிறார். நான்காம் நற்செய்தியை எழுதியவர் தம் பெயரை எங்கும் சொல்லவில்லை. முதலாம் திருமுகத்தை எழுதியவரும் சொல்லவில்லை. திருவெளிப்பாட்டின் ஆசிரியரோ மீண்டும் மீண்டும் பெயர் சொல்கிறார். நற்செய்தியும் திருமுகமும் ஒளி, வாழ்வு, உண்மை, அன்பு, தீர்ப்பு என்ற கருத்துகளையே சுற்றிச்சுற்றி வருகின்றன. திருவெளிப்பாடு அவற்றைத் தொடுவதே அரிது. மொழியும் ஒத்துப்போகவில்லை. நற்செய்தியின் கிரேக்கம் பிழையற்றது, திருவெளிப்பாட்டின் கிரேக்கத்தில் இலக்கணம் பல இடங்களில் முறிகிறது. முதல் அதிகாரத்திலேயே, வேற்றுமை உருபு ஏற்று வரவேண்டிய கடவுளின் பெயர் உருபு ஏற்காமல் எழுவாயாகவே நிற்கிறது. கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை, இரண்டு எழுத்துகளும் ஒன்றல்ல என்று காட்டுவதற்காகவே சொல்கிறேன் என்று தியோனிசியுஸ் எழுதுகிறார். அவருடைய முடிவு: யோவான் என்ற பெயருடைய ஒருவர் உண்மையாகவே காட்சி கண்டு எழுதினார், அவர் தூயவர், இறையருள் பெற்றவர், ஆனால் செபதேயுவின் மகனான திருத்தூதர் அல்லர். எபேசில் யோவானின் கல்லறைகள் என இரண்டு இருப்பதாகச் சொல்லக் கேட்டிருப்பதையும் குறிப்பிடுகிறார்.

இதை 1,750 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல் திறனாய்வு என்று தயக்கமின்றிச் சொல்லலாம். இன்றைய ஆய்வாளர்களில் மிகப் பலர் ஏறத்தாழ இதே காரணங்களைக் கொண்டு இதே முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிது, அவர் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்தது. எழுதியவர் திருத்தூதர் அல்லர் என்பதால் நூல் தள்ளத்தக்கது ஆகிவிடாது, சபை போற்றுகிறது என்பதால் எழுதியவர் திருத்தூதராகிவிடவும் மாட்டார். இந்தப் பிரிவினையை அவருக்குப் பின் வந்த நூற்றாண்டுகள் தாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய வாதத்தின் முதல் பாதியை எடுத்துக்கொண்டவர்கள் நூலைத் தள்ளினார்கள். ஏற்றவர்கள் பழையபடி திருத்தூதரின் பெயரையே திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்.

பட்டியல்களின் நூற்றாண்டு

303-இல் தியோக்கிளேசியன் பேரரசன், கிறிஸ்தவர்கள் தங்கள் மறைநூல்களை ஒப்படைக்க வேண்டும், அவை எரிக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டான். எந்த நூலுக்காக உயிரைக் கொடுப்பது, எதை ஒப்படைத்தால் துரோகம் ஆகாது என்ற கேள்வி வாசகர்களின் வீட்டு வாசலுக்கே வந்தது. அதன் பிறகு வந்த தலைமுறைகளில் பட்டியல்கள் பெருகியதில் வியப்பில்லை.

செசரியாவின் ஆயர் யூசேபியஸ் நூல்களை எல்லாரும் ஏற்றவை, தகராறுக்கு உள்ளானவை, போலியானவை என்று வகைப்படுத்தியபோது, திருவெளிப்பாட்டை ‘சரியென்று தோன்றினால்’ என்ற தயக்கத்தோடு ஏற்றவற்றில் வைத்தார். அதே பத்தியில், சிலர் தள்ளுவதாகச் சொல்லிப் போலியானவற்றிலும் வைத்தார். தியோனிசியுசின் ஆராய்ச்சியை நமக்குப் பாதுகாத்துக் கொடுத்தவர் அவரே. அது அவர் மனத்தை எவ்வளவு அசைத்தது என்பது இந்த இரட்டைப் பதிவிலிருந்தே விளங்கும். உரோமைப் பேரரசைக் குடித்துவெறித்த பாபிலோனாகக் காட்டும் ஒரு நூல், கிறிஸ்தவப் பேரரசரைக் கடவுளின் கருவியாகக் கண்ட ஆயருக்கு எளிதாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

350-ஐ ஒட்டி எருசலேமின் ஆயர் சிரில், திருமுழுக்குக்குத் தயாரானவர்களுக்கு மறைநூல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தபோது திருவெளிப்பாடு அதில் இல்லை. கோவிலில் வாசிக்கப்படாததை வீட்டில் தனியாகவும் வாசிக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். இலவோதிக்கேயாவின் சங்கத்தோடு சேர்த்து வழங்கும் பட்டியலிலும் அது இல்லை. நூலில் மடல் பெற்ற ஏழு சபைகளில் ஒன்று அந்த ஊர். நசியான்சு கிரகோரி செய்யுளாக எழுதிய பட்டியலிலும் இல்லை. இக்கோனியத்தின் அம்பிலோக்கியுஸ், சிலர் ஏற்கிறார்கள், பெரும்பாலோர் போலி என்கிறார்கள் என்று எழுதினார். ஜான் கிறிசோஸ்தோமின் மறையுரைகள் நூற்றுக்கணக்கில் நம்மிடம் உள்ளன. இந்த நூலைப் பற்றிய மறையுரை அவற்றில் ஒன்றும் இல்லை.

இந்தச் சூழலில்தான் 367-இல் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி அனுப்பும் தம் 39-ஆவது பாஸ்கா மடலில், இன்று நாம் வைத்திருக்கும் அதே 27 நூல்களை, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதினார். அப்படி எழுதி நம் கையில் கிடைக்கும் முதல் பட்டியல் அது. அதை ஒரு பொதுச்சட்டமாகக் கருதிவிடக்கூடாது. எகிப்தில் புறநூல்களைப் பரப்பிய போதகர்களோடும் மெலித்தியர் பிரிவினரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆயர், தம் ஆளுகைக்கு உட்பட்ட சபைகளுக்கு அனுப்பிய மடல் அது. எருசலேமையோ அந்தியோக்கியாவையோ அது கட்டுப்படுத்தவில்லை. அதற்குப் பிறகும் கிழக்கின் பெரும்பகுதி தன் வழியிலேயே சென்றது என்பது மேலே சொன்ன கிரகோரி, அம்பிலோக்கியுஸ் பட்டியல்களால் தெளிவாகும்.

மேற்கில் பொருள்கொள்ளும் முறை மாறியது

இலத்தீன் மொழி பேசிய சபைகள் இந்த நூலை ஒருபோதும் முழுமையாகக் கைவிடவில்லை. இன்றைய சுலோவேனியாவில் உள்ள பெத்தாவின் ஆயரும், 304-ஐ ஒட்டிக் கொல்லப்பட்டவருமான விக்தோரினுஸ் எழுதிய விரிவுரையே இந்த நூலுக்குக் கிடைக்கும் மிகப் பழைய முழு விரிவுரை. அதில் அவர் ஆயிரமாண்டு ஆட்சியை நேரடியாகவே கொண்டிருந்தார். பின்னால் அந்த உரையைப் பதிப்பித்த, விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த அறிஞர் ஜெரோம் அதன் முடிவுப் பகுதியை எடுத்துவிட்டு வேறு விளக்கம் எழுதிச் சேர்த்தார். நூலைத் தள்ளாமல், நூலின் மேல் வாசிப்பை மாற்றுவது என்ற வழி இதில் கண்கூடாகத் தெரிகிறது. வட ஆப்பிரிக்காவின் திக்கோனியுஸ், திருவெளிப்பாட்டின் காட்சிகளை வரப்போகும் நாட்களின் அட்டவணையாகக் கொள்ளாமல், திருச்சபை எக்காலமும் நடத்தும் போராட்டத்தின் சித்திரமாக வாசித்தார். அவர் பொதுச்சபையிலிருந்து விலகி நின்ற தொனாத்தியப் பிரிவைச் சேர்ந்தவர். ஆனாலும் அகஸ்டின் அவரிடம் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. ஆயிரம் ஆண்டுகள் என்பது கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இறுதி வருகைக்கும் இடைப்பட்ட திருச்சபையின் காலம் என்று ‘இறைவனின் நகரம்’ நூலின் 20-ஆம் பகுதியில் அகஸ்டின் விளக்கியபோது, காயுவும் தியோனிசியுசும் அஞ்சிய ஆபத்து பெருமளவு நீங்கியது. 393-இல் இப்போ (Hippo) என்னும் நகரிலும் 397-இல் கார்த்தேஜிலும் கூடிய ஆப்பிரிக்கச் சங்கங்களின் பட்டியல்களில் நூல் இடம்பெற்றது.

414-இல் தர்தானுஸ் என்பவருக்கு எழுதிய மடலில் ஜெரோம் நிலைமையை நேர்படச் சொல்கிறார்: எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தை ஏற்பது இலத்தீனரின் வழக்கம் அன்று, யோவானின் வெளிப்பாட்டை ஏற்பது கிரேக்கரின் வழக்கம் அன்று, நாமோ இரண்டையும் ஏற்கிறோம், ஏனென்றால் இன்றைய வழக்கத்தைவிடப் பழைய ஆசிரியர்கள் அவற்றை மேற்கோள் காட்டியதையே பின்பற்றுகிறோம். சங்கம் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. திருத்தூதர் எழுதியது என்பதையும் முதற்காரணமாகக் காட்டவில்லை. முன்னோரின் பயன்பாட்டையே அளவுகோலாக்குகிறார். மறைநூல் உருவான முறையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பழைய வாக்குமூலம் வேறொன்றை நான் அறியேன்.

மேற்கிலும் எதிர்ப்பு முற்றிலும் அடங்கிவிடவில்லை. 633-இல் ஸ்பெயினில் கூடிய நான்காம் தொலேதோ சங்கம், பலர் இந்த நூலை ஏற்க மறுப்பதாகவும் கோவிலில் அறிவிக்கத் தயங்குவதாகவும் குறைப்பட்டு, உயிர்ப்புப் பெருவிழா முதல் பெந்தெகொஸ்தே வரை திருப்பலியில் இதை வாசிக்காதவர் சபை விலக்கு அடைவார் என்று விதித்தது. கார்த்தேஜ் சங்கம் முடிந்து 236 ஆண்டுகள் கழித்தும் இப்படி ஒரு விதி தேவைப்பட்டது.

கிழக்கின் அரை ஏற்பு

சிரியாக் மொழிச் சபைகளின் பெஷித்தா மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாட்டு நூல்கள் 22 மட்டுமே. பேதுருவின் இரண்டாம் திருமுகம், யோவானின் இரண்டாம், மூன்றாம் திருமுகங்கள், யூதாவின் திருமுகம், திருவெளிப்பாடு ஆகிய ஐந்தும் அதில் இல்லை. 508-இல் பிலோக்சேனுசின் முயற்சியிலும், 616-இல் ஆர்க்கேலின் தோமாவின் திருத்தத்திலும் மேற்குச் சிரியாக் மரபு இந்த நூல்களைப் பெற்றது. கிழக்குச் சிரியாக் சபை 22 நூல்களோடேயே வழிபாட்டை நடத்தியது. ஆர்மீனியர்களிடையே திருவெளிப்பாடு நிலைபெற்றது 12-ஆம் நூற்றாண்டில்.

கிரேக்கச் சபையில் நூலுக்குக் கதவு திறந்தவர் கப்பதோக்கியாவின் செசரியாவில் ஆயராக இருந்த அந்திரேயா. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய விரிவுரையின் முகப்பிலேயே பப்பியாஸ், இரேனேயுஸ், மெத்தோதியுஸ், இப்போலித்து முதலிய பழையவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறார். திருவெளிப்பாட்டின் கிரேக்கச் சுவடிகள் ஏறத்தாழ 300. நற்செய்திகளின் சுவடிகளோ 2,000-க்கும் மேல். அந்த 300-இலும் கணிசமானவை அந்திரேயாவின் உரையைத் தாங்கி வருபவை. மூலம் தனியே வரத் தயங்கிய இடத்துக்கு உரை அதைக் கைப்பிடித்து அழைத்து வந்தது.

692-இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய துருல்லோ சங்கம், திருவெளிப்பாட்டைச் சேர்த்த கார்த்தேஜ், அத்தனாசியஸ் பட்டியல்களையும், சேர்க்காத திருத்தூதர் விதிகளையும் கிரகோரியின் செய்யுளையும் ஒருசேர உறுதிப்படுத்தியது. இந்த முரண்பாட்டை யாரும் அவசரமாகத் தீர்க்கவில்லை. காலப்போக்கில் நூல் கிழக்கு ஆர்த்தடாக்ஸ் விவிலியத்தில் இடம் பெற்றது. ஆனால் பைசாந்திய வழிபாட்டின் ஆண்டு வாசகச் சுற்றில் இன்றுவரை அதிலிருந்து ஒரு பகுதியும் சேர்க்கப்படவில்லை. தியோனிசியுஸ் பிரித்துக் காட்டிய கேள்விகள் அங்கே இன்னமும் பிரிந்தே நிற்கின்றன: நூல் மறைநூல்தான், ஆயினும் கோவிலில் அதன் குரல் வாசகமாக ஒலிப்பதில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி பேதுருவின் வெளிப்பாட்டுக்கு நேர்ந்தது. பழையவர்களால் போலியென்று தள்ளப்பட்ட அந்த நூலை, பாலஸ்தீனத்தின் சில சபைகள் ஆண்டுக்கு ஒருமுறை பெரிய வெள்ளியன்று வாசித்துவந்ததாக 5-ஆம் நூற்றாண்டில் சொசொமேன் எழுதியிருக்கிறார். வாசிக்கும் சபைகள் அருகிப்போனதும் நூலும் மறைந்தது.

அச்சுக்காலமும் உதயம்பேரூரும்

1516-இல் எராஸ்முஸ் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, திருவெளிப்பாட்டுக்கு அவரிடம் இருந்தது அந்திரேயாவின் உரையோடு கூடிய ஒரே ஒரு சுவடி. அதன் கடைசி ஏடு இல்லை. ஆகவே இறுதி ஆறு வசனங்களை இலத்தீனிலிருந்து அவரே கிரேக்கத்துக்கு மாற்றி நிரப்பினார்; கூட்டாதே, குறைக்காதே என்ற எச்சரிக்கை வரும் பகுதியும் அதற்குள் அடங்கும். 1522-இல் லூதர் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், இந்த நூலோடு என் உள்ளம் ஒத்துப்போகவில்லை என்று முன்னுரையில் எழுதி, எபிரேயர், யாக்கோபு, யூதா திருமுகங்களோடு இதையும் எண்ணிடாமல் கடைசியில் வைத்தார். 1530-இல் அந்த முன்னுரையை மாற்றி, வரலாற்றின் துன்பங்களை விளக்கும் நூலாக அதற்கு இடம் கொடுத்தார். 1546-இல் திரெந்து சங்கம் கத்தோலிக்கருக்கான முழுப் பட்டியலையும் விதியாக்கியது. நூல் எழுதப்பட்டு ஏறத்தாழ 1,450 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த விதி கேரளக் கரைக்கும் வந்தது. 1599 ஜூனில் கோவாவின் பேராயர் மெனெசிஸ் கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், தோமா கிறிஸ்தவர்களின் சிரியாக் புதிய ஏற்பாட்டில் மேலே சொன்ன ஐந்து நூல்களும் இல்லை என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இலத்தீன் விவிலியத்தின்படி அவற்றைச் சேர்க்க ஆணையிட்டது. அந்த நூல்களைத் தோமா கிறிஸ்தவர்கள் தங்கள் விவிலியத்திலிருந்து நீக்கியிருக்கவில்லை. அவர்களுக்கு வந்துசேர்ந்த பழைய சிரியாக் மரபு அவற்றை அறியாதது. அவர்களுடைய மறைநூலில் ஒரு குறை இருப்பதாக மெனெசிசின் சங்கம் கண்டது. ஆனால் எருசலேமின் சிரிலும் நசியான்சின் கிரகோரியும் கையில் வைத்திருந்த பட்டியல்களிலும் திருவெளிப்பாடு இல்லை என்பதை நினைவில் கொண்டால், அது குறையா, பழமையா என்று கேட்கத் தோன்றும். தரங்கம்பாடி அச்சகத்தில் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் முழுமை பெற்றபோது, தமிழ் வாசகரின் கைக்குத் திருவெளிப்பாடு இந்தத் தகராறுகளின் தடம் ஏதுமின்றி 27-ஆம் நூலாக வந்து சேர்ந்தது.